விரல் நகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்: வடிவ மாற்றங்களை வீட்டிலேயே சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நகம் பார்க்கச் சொன்னால் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கையை வாங்கி, மேலிருந்து குனிந்து, நிறத்தைப் பார்ப்பார்கள். "வெளுத்திருக்கு, ரத்தம் கம்மி" என்று சொல்லிக் கையை விட்டுவிடுவார்கள். நகத்தின் வடிவம் மேலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைப் பார்க்க விரலைப் பக்கவாட்டில் திருப்பவேண்டும்.

இருபது வருடத்துக்கு மேல் வார்டில் தாதியாக வேலை பார்த்தேன். இப்போது வார இறுதிகளில், வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அடிப்படைப் பராமரிப்பு சொல்லித்தருகிறேன். அதில் நகத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த நகத்தை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும், எது காத்திருக்கலாம், எதைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உதடு நீலம் பாரித்து மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமும்போது நிறைய ரத்தம் வந்தாலோ நகம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள்.

1. முன்னேற்பாட்டை முதல் நாளே முடியுங்கள்

நகச்சாயம் இருந்தால் முதல் நாளே துடைத்துவிடுங்கள். ஜெல் போட்டிருந்தால் போட்ட கடையிலேயே கழற்றச் சொல்லுங்கள். வீட்டில் சுரண்டினால் நகத்தின் மேலடுக்கு பெயர்ந்துவிடும்; மறுநாள் அதையே நோய் என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

மருதாணி இருந்தால் பரவாயில்லை. நிறத்தை மறைக்குமே தவிர வடிவத்தை மறைக்காது. தீபாவளி முடிந்த மாதங்களில் பாதிப் பேரின் நகம் சிவப்பாகத்தான் இருக்கும், அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். அந்தச் சிவப்பால் ஒரு பயனும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நகத்தை ஒட்ட வெட்டாமல், நுனியில் ஒரு மில்லிமீட்டர் வெள்ளை விட்டு வெட்டுங்கள். நீளமான நகத்தோடு நான்காம் படியில் வரும் ஜன்னல் சோதனையைச் செய்யவே முடியாது.

பாத்திரம் கழுவிய கையையோ குளித்து வந்த கையையோ உடனே பார்க்காதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். அரை மணி நேரமாவது காயட்டும். ஏர்கான் அறையிலிருந்து வந்தவர் என்றால் கை சூடேறும்வரை காத்திருங்கள். குளிரில் விரல் நுனி யாருக்குமே கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும்.

மேசைமேல் எடுத்து வைக்கவேண்டியவை: மில்லிமீட்டர் போட்ட அடிக்கோல், தையல் நூல், ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், மருந்து ஊற்றும் சொட்டுக்குழாய், கைப்பேசி, நோட்டு, பேனா. அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாமும் வேண்டும். முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் தானே வாங்கிச் சாப்பிடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெளிச்சம் முக்கியம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தின் நடுவில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்தால் பள்ளம் மேடு எதுவும் தெரியாது. காலையில் ஜன்னலோரமாகவோ, வாசலுக்கு வெளியே காரிடாரிலோ, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி உட்காருங்கள்.

2. பார்ப்பதற்கு முன் கேளுங்கள்

முதலில் நகத்தைப் பார்த்துவிட்டால், பார்த்ததற்கு ஏற்ற மாதிரி கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவோம். அதனால்தான் கேள்வி முதலில் வருகிறது.

என்ன வேலை? சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைப்பவரா, துப்புரவு ரசாயனம் தொடுபவரா, பட்டறையில் எண்ணெயும் பெட்ரோலும் படுபவரா? இந்தக் கைகளில் நகம் மெலியும், தட்டையாகும், சிலருக்குக் குழிந்தும் போகும். உடம்பில் ஒன்றும் இருக்காது. நகம் கடிக்கிற, நகத்தின் அடித்தோலை இன்னொரு விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிற பழக்கம் உண்டா? "இல்லை" என்பார்கள். தொலைக்காட்சி பார்க்கும்போது கையைக் கவனியுங்கள், தெரிந்துவிடும்.

அடுத்து, எப்போதிலிருந்து இப்படி? இந்தக் கேள்வியில்தான் நான் ஒருமுறை அசடு வழிந்தேன். ஒரு தீபாவளி விருந்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட உறவினரின் விரல் நுனிகள் உருண்டு, நகம் கண்ணாடிக் குமிழ் மாதிரி இருந்தன. பயந்துபோய், இலையில் இருக்கும்போதே "மாமா, உடனே எக்ஸ்ரே எடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த தன் அக்காவின் கையைத் தூக்கிக் காட்டினார். அதே விரல். அவர்கள் அப்பாவுக்கும் அப்படியே என்றார்கள். சில குடும்பங்களில் அது பிறவி வாகு.

அதனால் இப்போது பழைய படம் கேட்கிறேன். கல்யாண ஆல்பத்தில் மோதிரம் போடும் படம், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் என்று எதிலாவது விரல் தெரியும். பத்து வருடத்துக்கு முன்பும் அப்படியே இருந்தால் அவசரமில்லை. புதிதாக வந்தது என்றால் அவசரம்.

இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு, களைப்பு, மாதவிடாய், மலத்தின் நிறம், மூட்டு வலி, கடந்த ஆறு மாதத்தில் வந்த பெரிய காய்ச்சல் அல்லது அறுவை சிகிச்சை. இவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு நகமா, ஒரு கையா, இரண்டு கையுமா?

இடது சுண்டுவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரல்வரை வரிசையாகப் பாருங்கள். கண்ணில் பட்ட மோசமான நகத்தில் ஆரம்பித்தால் மற்ற ஒன்பதையும் மறந்துவிடுவோம்.

ஒரே ஒரு நகம் மட்டும் மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் அந்த விரலிலேயே இருக்கும்: அடிபட்டது, பூஞ்சை, நகத்தடியில் ஒரு கட்டி. ஒரு கையில் மட்டும் எல்லா விரலும் மாறியிருந்தால் அந்தக் கையின் ரத்த ஓட்டத்தையோ நரம்பையோ நினைக்கவேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த கையில், பக்கவாதம் வந்த கையில் இப்படிப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரி மாற்றம் இருந்தால்தான் உள்ளுறுப்புகளைப் பற்றி யோசிக்கத் தொடங்குவோம்.

கால் நகத்தையும் பாருங்கள். ஆனால் முடிவைக் கையை வைத்து எடுங்கள். காலணி, நடை, வயது எல்லாம் கால் நகத்தைத் தானாகவே கெடுத்துவிடும்.

4. பக்கவாட்டில் திருப்புங்கள்

இங்கே தேடுவது கிளப்பிங். விரல் நுனி பருத்து, நகம் உருண்டு, முரசுக்கோல் முனை போல ஆவதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் அது. வலிக்காது. மாதக்கணக்கில் மெதுவாக வரும். அதனால் கூடவே இருப்பவர்களுக்குத் தெரிவதேயில்லை. நான்கு சோதனைகள், இந்த வரிசையில்:

*அழுத்திப் பாருங்கள்.* ஆட்காட்டி விரலை எடுத்துக்கொண்டு, நகம் தோலுக்குள் நுழையும் அடிப்பகுதியை மெல்ல அழுத்துங்கள். சாதாரண நகம் எலும்போடு உறுதியாக நிற்கும். கிளப்பிங்கின் தொடக்கத்தில் ஈரப் பஞ்சின்மேல் மிதப்பது போலக் கொஞ்சம் ஆடும். வடிவம் மாறுவதற்கு முன்பே இது வந்துவிடும் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் விரலை ஒருமுறை அழுத்திவிட்டு அவருடையதை அழுத்துங்கள், வித்தியாசம் பிடிபடும்.

*கோணம் பாருங்கள்.* விரலைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பிடியுங்கள். தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியவேண்டும். அங்கே கோணம் சாதாரணமாக 160 பாகை அளவில் இருக்கும். பள்ளம் நிரவி நேர்கோடாகிவிட்டால் 180. அதையும் தாண்டிப் புடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நகத்தின் நுனி வளைவதைப் பார்த்துவிட்டுக் கிளப்பிங் என்பது. கிளி மூக்கு மாதிரி நுனி வளைந்த நகம் பலருக்கு உண்டு. நுனியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள்.

*நூல் சுற்றுங்கள்.* நகத்தின் அடியில் விரலைச் சுற்றி நூலால் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அதற்கு அடுத்த கணுவைச் சுற்றி அளங்கள். கணுதான் பருமனாக இருக்கவேண்டும். நகத்தின் அடி அதைவிடப் பெரிதாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்தில் கணு வீங்கியிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். வயதானவர்களிடம் இதை மட்டும் நம்பாதீர்கள்.

*ஜன்னல் பாருங்கள்.* இரண்டு மோதிர விரல்களையும் மடக்கி, நகமும் நகமும் ஒட்டும்படி முதுகோடு முதுகாக வைக்கச் சொல்லுங்கள். நகத்துக்கு அடுத்த கணுக்களும் ஒன்றையொன்று தொடவேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், நகங்களின் அடியில் வைர வடிவத்தில் ஒரு குட்டி இடைவெளி தெரியும். கிளப்பிங் இருந்தால் அந்த ஜன்னல் மூடிவிடும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் ஷாம்ரோத் இதய வால்வுத் தொற்றில் படுத்திருந்தபோது தன் விரலிலேயே கவனித்துச் சொன்ன சோதனை இது. புதியவர்கள் கணுக்களை ஒட்டாமல் நகத்தை மட்டும் ஒட்டிவிடுவார்கள். அப்படி வைத்தால் எல்லோருக்கும் ஜன்னல் தெரியும்.

ஒரு வகுப்பில், எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் கையைக் காட்டச் சம்மதித்தார். நான்கு பேர் வரிசையாகப் பார்த்தார்கள், நான்கு பேரும் 'சரியாக இருக்கிறது' என்று எழுதினார்கள். நிறம் நன்றாகத்தான் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"ஐயா, இருமல் இருக்கா?"

"அது சிகரெட் இருமல்மா. முப்பது வருசமா இருக்கு."

நகத்தடி புடைத்திருந்தது. நகங்களுக்கு நடுவே தெரியவேண்டிய அந்த வைர ஜன்னல் மூடியிருந்தது. சோதனை செய்தபோது நுரையீரலில் கட்டி இருப்பது தெரிந்தது.

'சிகரெட் இருமல்' என்ற அந்த வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. புகையால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, தானாகக் கிளப்பிங்கைக் கொண்டுவருவதில்லை. ஆஸ்துமாவும் அப்படித்தான். ஏற்கெனவே சிஓபிடி உள்ளவருக்குப் புதிதாக விரல் உருண்டால், "அது பழைய நோய்தான்" என்று விட்டுவிடக்கூடாது. நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். புகையே பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. "அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை" என்று சொல்லி நிம்மதி அடையாதீர்கள்.

மற்ற காரணங்களும் உண்டு: மூச்சுக்குழல் விரிந்து சளி தேங்கும் நோய், நுரையீரல் தழும்பாகி இறுகும் நோய், நுரையீரலில் சீழ், பிறவியிலேயே உடம்பு நீலம் பாரிக்கும் இதயக் கோளாறு, இதய வால்வுத் தொற்று, கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி நோய், அபூர்வமாகத் தைராய்டு. ரத்தத் தட்டணுக்கள் விரல் நுனியின் நுண்குழாய்களில் சிக்கி, அங்கே திசுவையும் ரத்தக்குழாயையும் வளரத் தூண்டும் பொருள்களை வெளிவிடுகின்றன என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

புதிதாக வந்த கிளப்பிங் என்றால் அந்த வாரத்துக்குள்ளேயே மருத்துவர். மணிக்கட்டும் கணுக்காலும் கூடவே வீங்கி வலித்தால் இன்னும் சீக்கிரம்.

5. ஒரு சொட்டுத் தண்ணீர்

கையை மேசைமேல் தட்டையாக வைத்து, ஒவ்வொரு நகத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண நகத்தில் சொட்டு பக்கவாட்டில் வழிந்துவிடும். நகம் கரண்டி போலக் குழிந்திருந்தால் சொட்டு அங்கேயே குந்தியிருக்கும். எண்ணெய் பூசிய கையில் இதைச் செய்யாதீர்கள், சொட்டு நிற்பதுபோல ஏமாற்றும்.

கைக்குழந்தைகளுக்குக் குழிந்த நகம் இயல்பு, வளர வளரச் சரியாகும். பெரியவர்களுக்கு இரண்டு கையிலும் இருந்தால் முதலில் நினைக்கவேண்டியது இரும்புச்சத்துக் குறைவு.

இந்த இடத்தில் பலரும் நேராக மருந்துக்கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு காரணத்துக்காக அது தவறு. ஒன்று, சிங்கப்பூரில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ரத்தம் குறைவாகக் காட்டும், ஆனால் இரும்பு குறைவாக இருக்கவேண்டும் என்றில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்த்த பிறகுதான் மாத்திரை. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது: இரும்பு எங்கே போனது என்று தெரியவேண்டும்.

இளம் பெண்களுக்கு அதிக மாதவிடாயும் பிரசவமும் போதுமான காரணம். சாப்பிட்டவுடனே தே தாரிக் குடிக்கும் பழக்கமும் சேரும். தேநீர் உணவிலுள்ள இரும்பை உடம்பில் ஏறவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. மலம் கறுப்பாகப் போகிறதா, மூட்டுவலிக்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். "மூலம்தான், பழகிப்போச்சு" என்பவரைக் குறிப்பாகக் கேளுங்கள்.

50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் பரிசோதனைப் பெட்டி இங்கே கிடைக்கிறது. அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, சோகை இருக்கிறது என்றால் பெட்டியை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, சொட்டு வழிந்துவிட்டதால் இரும்பு சரியாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். இரும்பு குறைந்த பலருக்கும் நகம் குழிவதே இல்லை.

6. குறுக்குப் பள்ளமும் தேதிக் கணக்கும்

வெளிச்சம் பக்கவாட்டில் விழ, உங்கள் விரல் நுனியால் அவர் நகத்தை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பாருங்கள். குறுக்கே ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? கண்ணைவிட விரல் இதை நன்றாகப் பிடிக்கும்.

கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, கீமோ மருந்து போன்றவை நகத்தின் வேரைச் சில நாள் நிறுத்திவிடும். வேர் மறுபடி வேலையைத் தொடங்கும்போது நின்ற இடம் பள்ளமாகப் பதிந்து, நகத்தோடு நகர்ந்து வரும். எல்லா விரலிலும் ஒரே உயரத்தில் இருந்தால் உடம்புக்கு ஏதோ நடந்திருக்கிறது. ஒரே விரலில் இருந்தால் கதவில் நசுங்கியிருக்கும்.

கணக்கு எளிது. கை நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளரும். முதியவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக. அடித்தோலிலிருந்து பள்ளம்வரை அளந்து 3-ஆல் வகுத்தால் மாதம் வரும். தோலுக்குள் மறைந்திருக்கும் பகுதிக்காக ஒரு மாதம் கூட்டுங்கள். 6 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். மருதாணி பயன்படும் என்றேனே, அது இங்கேதான். தீபாவளிக்கு முதல் நாள் வைத்த மருதாணிக்குக் கீழே இன்று எத்தனை மில்லிமீட்டர் வெறும் நகம் வந்திருக்கிறது என்று அளந்தால், அவருடைய நகத்தின் சொந்த வேகமே தெரிந்துவிடும்.

"ஒண்ணுமே வரலையே" என்று சாதித்த ஓர் ஆன்ட்டியிடம் இந்தக் கணக்கைப் போட்டு, "மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு, யோசிச்சுப் பாருங்க" என்றேன். டெங்கியில் ஒரு வாரம் படுத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காரணம் தெரிந்துவிட்டால் இந்தப் பள்ளத்துக்கு மருந்து வேண்டாம், தானே வளர்ந்து போய்விடும். தெரியவில்லை என்றாலோ, பள்ளம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தாலோ காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு நகம் அடியிலிருந்து கழன்று விழுந்தால் பயந்துவிடாதீர்கள். பாலர்பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவிய ஒன்றிரண்டு மாதம் கழித்து இப்படி ஆவது உண்டு. கீழே புது நகம் வந்துகொண்டிருக்கும்.

கட்டைவிரலில் மட்டும் நடுவில் ஏணிப்படி போல வரிவரியாக இருந்தால், அடித்தோலைத் தள்ளும் பழக்கம். இரண்டாம் படியில் "இல்லை" என்றாரே, அதுதான்.

7. ஊசிக்குத்து, தூக்கல், தடிப்பு

இவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

தையல் விரல்பூண் மாதிரி நகம் முழுக்கச் சின்னச் சின்ன ஊசிக்குத்துகள் இருந்தால் சொரியாசிஸ் அல்லது திட்டுத் திட்டாக முடி உதிரும் நோய். முழங்கை, உச்சந்தலையில் செதில் இருக்கிறதா, காலையில் விரல் மூட்டு இறுகி வலிக்கிறதா என்று கேளுங்கள். மூட்டு வலியும் சேர்ந்தால் தாமதிக்கவேண்டாம், மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

நகம் நுனியிலிருந்து சதையை விட்டுத் தூக்கிக்கொண்டால் தண்ணீர் வேலை, பூஞ்சை, சொரியாசிஸ், அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு என்று பல காரணம். கை நடுக்கம், படபடப்பு, எடை குறைவு சேர்ந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தூக்கிய இடத்தின் அடியைக் குச்சியால் சுத்தம் செய்யாதீர்கள், இன்னும் தூக்கும்.

மஞ்சளாகத் தடித்த கால் நகம் எல்லாமே பூஞ்சை என்று நினைக்காதீர்கள். நகத்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை சாப்பிட வேண்டாம். கல்லீரலைக் கவனிக்கவேண்டிய மருந்து அது. சர்க்கரை நோயாளியின் தடித்த கால் நகத்தை வீட்டில் வெட்டவே வெட்டாதீர்கள்.

8. நிறம் கடைசியில்

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலில் பார்த்தால் அதோடு நின்றுவிடுவார்கள்.

நம் தோல் நிறத்துக்குப் பல விரல்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே விரலில் புதிதாக ஒரு கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போய், நிறம் நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் பரவினால் தோல் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். தோல் புற்றுநோய் அப்படியும் தொடங்கும். "எங்கேயோ இடிச்சிருப்பேன்" என்றால், இடித்த ரத்தக்கட்டு நகத்தோடு மேலே நகர்ந்துவிடும், கீழே வெறும் நகம் தெரியும். கோடு அடியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது ரத்தக்கட்டு இல்லை.

நகம் முழுக்க வெளுத்து நுனியில் மட்டும் சின்னச் சிவப்புப் பட்டை இருந்தால் கல்லீரல், இதயம், சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம், வயதானாலும் வரும். அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி பழுப்பு என்றால் சிறுநீரகம் பார்க்கவேண்டும். அங்கங்கே வெள்ளைப் புள்ளி என்றால் சின்ன இடி பட்டிருக்கிறது. கால்சியம் குறைவு என்று நம் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள், அது சரியில்லை. நீளவாக்கில் மெல்லிய வரிகள் என்றால் வயதாகிறது, அவ்வளவுதான்.

9. படம் எடுங்கள்

ஆறு படம் போதும். இரண்டு கையும் மேலிருந்து ஒவ்வொன்று, ஆட்காட்டி விரல் பக்கவாட்டில் இரண்டு கைக்கும் ஒவ்வொன்று, ஜன்னல் சோதனை ஒன்று, மோசமான நகம் அடிக்கோலோடு ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் பள்ளம் மறையும். விரலை மேசையில் அழுத்தவும் வேண்டாம், அழுத்தினால் நகம் வெளுத்துவிடும். பக்கவாட்டுப் படம் இல்லாமல் வருபவர்கள்தான் அதிகம். மருத்துவருக்கு வேண்டியது அதுதான்.

10. மருத்துவரிடம் என்ன சொல்வது

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடுக்கலாம். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமே போங்கள், பழைய நகம் அவருக்கு ஞாபகம் இருக்கும். நேராக நிபுணரிடம் ஓடவேண்டாம். பலதுறை மருந்தகமோ சாஸ் என்ற அரசு மானியத் திட்டத்தில் உள்ள மருந்தகமோ எழுதித் தரும் பரிந்துரையோடு போனால்தான் மானியக் கட்டணம் கிடைக்கும்.

"நகம் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் பேச்சு நகத்திலேயே முடிந்துவிடும். இப்படிச் சொல்லுங்கள்: "இரண்டு கையிலும் நகத்தின் அடி புடைத்திருக்கிறது. போன வருடப் படத்தில் இல்லை. இரண்டு மாதமாக இருமல், நான்கு கிலோ குறைந்திருக்கிறார்." நான்கே தகவல்: எத்தனை நகம், என்ன வடிவம், எப்போதிலிருந்து, கூடவே என்ன. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் இதையே ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். கூடப் போகும் பணிப்பெண்ணுக்கும் அது உதவும்.

மாத்திரைகளைக் கொண்டுபோகச் சொன்னேன் அல்லவா? அதில் முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டிவிடும். எத்தனை நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வார்.

11. சிகிச்சை தொடங்கிய பிறகு

மாதம் ஒருமுறை, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் படம் எடுங்கள். தினமும் பார்ப்பவர்கள் இரண்டாவது வாரமே மனம் தளர்ந்து, "மாத்திரை வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பழைய நகம் திருந்தாது, அது செத்த பொருள். மாற்றம் அடியில் புதிதாக வரும் நகத்தில்தான் தெரியும். முதல் மாதத்தில் 3 மில்லிமீட்டருக்குள் பார்க்க ஒன்றும் இருக்காது.

இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு 12 முதல் 18 மாதம். ரத்த அளவு சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மருத்துவர் சில மாதம் தொடரச் சொல்வார், அதற்குமுன் விடாதீர்கள். கிளப்பிங் மெதுவாகத்தான் இறங்கும். அதற்குக் காரணமான நோய் குணமானால் சிலருக்குத் திரும்பிப் போகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அதை வைத்து சிகிச்சையை எடைபோடாதீர்கள்.

அடிக்கோலோடு மல்லுக்கட்டப் பிடிக்காத அம்மாக்களுக்கு நான் சொல்லும் வழி: சிகிச்சை தொடங்கும் நாளில் ஒரே ஒரு விரலுக்கு, மோதிர விரலுக்கு, மருதாணி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மேலே ஏற ஏறக் கீழே வருவதுதான் புது நகம். கடைசிச் சிவப்பை நகவெட்டியால் நறுக்குகிற அன்றைக்கு அந்த விரலில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.